அமெரிக்காவில் புது வேலை: ஹெல்த் இன்ஷூரன்ஸ் சேர்க்கைக் கெடு தவறிப்போனால் என்ன செய்வது?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எப்படி ஓடும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். வீடு பார்க்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு அலைய வேண்டும், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று. இதற்கு நடுவில் ஹெச்ஆரிடமிருந்து ‘பெனிஃபிட்ஸ் என்ரோல்மென்ட்’ என்று ஒரு மெயில் வந்து கிடக்கும். வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் நான்கு வாரம் போனதே தெரியாது. பல நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 30 அல்லது 31 நாள்தான் கெடு. அதைத் தவறவிட்டால் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம்) வரை, பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வரை, காத்திருக்க வேண்டும். அப்போது சேர்ந்தாலும் காப்பீடு தொடங்குவது ஜனவரியில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தேன். கெடுவுக்குள் கம்பெனி தளத்தில் போய், டிபெண்டன்ட் (நம்மைச் சார்ந்த குடும்பத்தினர்) பக்கத்தில் மனைவியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். அவர் அப்போது திருச்சியில் இருந்தார். நவம்பரில் ஓப்பன் என்ரோல்மென்ட் வந்தபோது, எல்லாம்தான் முடித்துவிட்டோமே என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் மனைவி வந்து சேர்ந்தார். வந்த 36ஆவது நாள் இருமலும் காய்ச்சலும் என்று டாக்டரிடம் அழைத்துப்போனேன். வரவேற்பறைப் பெண் அட்டையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் பெயர் மட்டும் இருந்தது. டிபெண்டன்ட் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது ஒரு வேலை, மெடிக்கல் திட்டத்தின் பக்கத்தில் அந்தப் பெயருக்கு நேரே டிக் போடுவது இன்னொரு வேலை. இரண்டாவதை நான் செய்யவில்லை. என் திட்டம் ‘எம்ப்ளாயி ஒன்லி’, அதாவது ஊழியருக்கு மட்டும், என்றே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். இதே பதற்றத்தில் இருக்கும் உங்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், உண்மையிலேயே தவறிவிட்டதா என்று பாருங்கள்

பெனிஃபிட்ஸ் தளத்தில் ‘தற்போதைய கவரேஜ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி பே ஸ்டப்பையும் (சம்பளச் சீட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் என்று பிடித்தம் இருக்கிறதா? எவ்வளவு? ஒருவருக்கான பிரீமியமா, குடும்பத்துக்கானதா?

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஓப்பன் என்ரோல்மென்ட்டைத் தவறவிட்டால், பல நிறுவனங்களில் போன வருடத் திட்டமே தானாகத் தொடரும். சில இடங்களில் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். விட்டால் கவரேஜ் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் ‘வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’ என்றுதான் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். சில நிறுவனங்களில் சேர்ந்த அன்றே தகுதி வந்துவிடும். சில இடங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. சட்டப்படி அது 90 நாளைத் தாண்டக் கூடாது. சனி, ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். கெடு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போது இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அன்றைக்கே ஹெச்ஆருக்கு எழுதுங்கள்

போன் செய்யுங்கள், ஆனால் போனோடு விடாதீர்கள். மெயில் போடுங்கள். சேர்ந்த தேதி, என்ரோல்மென்ட் மெயில் வந்த தேதி, தளத்தில் நீங்கள் செய்தது என்ன, இப்போது எது விட்டுப்போயிருக்கிறது, யாரையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று ஐந்தாறு வரி போதும். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: தாமதமாகச் சேர வழி உண்டா? எந்தெந்த லைஃப் ஈவென்ட்டுக்கு (கல்யாணம், குழந்தை பிறப்பு போன்ற நிகழ்வு) எத்தனை நாள் கெடு?

ஹெச்ஆரில் இருப்பவர் முடியாது என்று சொன்னால் அவர்மேல் கோபப்பட வேண்டாம். காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது. நம் பங்கு பிரீமியத்தை வரி கணக்கிடுவதற்கு முன்பே சம்பளத்திலிருந்து கழிக்கிறார்கள். அதற்கு இடம் தருவது வருமான வரிச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. வருடத் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்ததை, எதுவும் எடுக்காமல் விட்டதையும் சேர்த்து, வருடம் முடியும்வரை மாற்றக் கூடாது என்று சொல்வதும் அந்தப் பிரிவின் விதிகள்தான். குறிப்பிட்ட சில நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்கு. ஆளுக்கு ஆள் விதியைத் தளர்த்தினால் நிறுவனத்தின் மொத்தத் திட்டமே வரிச்சலுகையை இழக்கும் ஆபத்து இருக்கிறது.

தவறு அவர்கள் பக்கம் இருந்தால் கதை வேறு. நீங்கள் கெடுவுக்குள் முடித்து, உறுதிச்சீட்டு எண்ணும் கையில் இருக்கிறது, ஆனால் பதிவாகவில்லை. அல்லது சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறார்கள், கவரேஜ் இல்லை. அல்லது ஹெச்ஆரே தவறான தேதியை எழுத்தில் கொடுத்திருக்கிறார். இதற்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட், மெயில், பே ஸ்டப் மூன்றையும் இணைத்து, திருத்தித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் திட்டத்தின் விதிகளை விளக்கும் ‘சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன்’ என்ற ஆவணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால், தொழிலாளர் துறையின் கீழ் எப்சா என்ற அமைப்பு இருக்கிறது. 1-866-444-3272 என்ற எண்ணில் அதன் ஆலோசகர்களிடம் இலவசமாகப் பேசலாம். தனியார் நிறுவன ஊழியர்களின் திட்டங்களைக் கவனிப்பது இவர்கள்தான்.

என் விஷயத்தில் நான் கெடுவுக்குள் மனைவியின் பெயரைப் போட்டிருந்தேன் என்பதைக் காட்டினேன். பெயர் போட்டது தேர்வு ஆகாது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரிதான்.

லைஃப் ஈவென்ட்: பெரிய வழி இதுதான்

1996இல் வந்த ஹிப்பா சட்டம் ‘ஸ்பெஷல் என்ரோல்மென்ட்’ என்று ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. கல்யாணம், குழந்தை பிறப்பு, தத்தெடுப்பு, இருந்த வேறு காப்பீட்டை இழப்பது, இவற்றில் ஒன்று நடந்தால் வருடத்தின் நடுவிலும் சேரலாம். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) அல்லது குழந்தைகளுக்கான சிப் காப்பீட்டை இழந்தால் 60 நாள்.

30 நாள் என்பது நிகழ்வு நடந்த தேதியிலிருந்து. உங்களுக்கு நினைவு வந்த தேதியிலிருந்தோ, சான்றிதழ் கைக்கு வந்த தேதியிலிருந்தோ இல்லை. நம் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று வார லீவு போட்டு ஊருக்கு வருகிறீர்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் திறப்பதில்லை. கல்யாணம், மறுவீடு, விருந்து, அப்புறம் பதிவு அலுவலகம், விசா இன்டர்வியூ. தமிழ்நாட்டில் 2009ஆம் வருடத் திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு, அதனால் யாரும் அவசரப்படுவதில்லை. ஆனால் அமெரிக்க நிறுவனத்தின் கடிகாரம் தாலி கட்டிய அன்றே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்பே ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: மனைவியோ கணவரோ இந்தியாவில் இருக்கும்போதே சேர்க்கலாமா? அவர் அமெரிக்கா வந்து இறங்குவதை லைஃப் ஈவென்ட்டாக எடுத்துக்கொள்வீர்களா? பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் எல்லா நிறுவனமும் இல்லை. ‘இல்லை’ என்று பதில் வந்தால், கல்யாணத்திலிருந்து 30 நாளுக்குள் சேர்த்துவிட்டு, அவர் வரும்வரை சில மாதம் பிரீமியம் கட்டுவதே நல்லது. வீண் செலவு மாதிரித் தோன்றும். வந்த முதல் வாரத்தில் ஒரு வயிற்றுவலிக்கு எமர்ஜென்சி அறைக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு பில்லுக்கு முன் இது ஒன்றுமில்லை.

குழந்தை விஷயம் இன்னும் முக்கியம். அம்மாவின் காப்பீட்டிலேயே குழந்தை தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பி நாட்களை விட்டுவிடாதீர்கள். பிறந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் போய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் கவரேஜ் பிறந்த தேதியிலிருந்தே செல்லும், பிரசவ அறையில் குழந்தைக்கு ஆன செலவும் அதில் வரும். சோஷியல் செக்யூரிட்டி அட்டை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும். எண்ணைப் பிறகு சேர்க்கலாம். ஜோசியரிடம் எழுத்துக் கேட்டுப் பெயர் முடிவாகவில்லை என்றாலும் ஹெச்ஆருக்குப் பிறந்த தேதியைச் சொல்லிப் பதிவைத் தொடங்கிவிடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: குழந்தை பிறந்ததற்காகத் திறக்கும் அதே வழியில், விட்டுப்போன நீங்களும் உங்கள் துணையும்கூடச் சேரலாம். கல்யாணத்திலும் அப்படித்தான், துணையைச் சேர்க்கும்போது நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

காப்பீட்டை இழப்பது என்றால் வேலை போனது, வேலை மாறியது, விவாகரத்து, 26 வயது ஆகி அப்பா அம்மாவின் திட்டத்திலிருந்து வெளியே வந்தது போன்றவை. பிரீமியம் கட்டாமல் நிறுத்தியோ, நாமாக வேண்டாமென்று விட்டோ போனால் இழப்பு என்று கணக்கில் வராது. இன்னொன்று: வேறு காப்பீடு இருப்பதால் இப்போது வேண்டாம் என்று நிறுவனத் திட்டத்தை மறுக்கும்போது, அந்தக் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிப் படிவம் வந்தால் மறக்காமல் நிரப்புங்கள். பின்னால் அந்தக் காப்பீடு போகும்போது இந்த உரிமையைக் கேட்க அது தேவைப்படலாம்.

பழைய வேலையிலிருந்து வந்தவரா? கோப்ராவை மறக்காதீர்கள்

20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் வேலையை விட்டால், அங்கே இருந்த காப்பீட்டையே சாதாரணமாக 18 மாதம் வரை தொடர கோப்ரா சட்டம் வழி செய்கிறது. நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், அதன்மேல் 2 சதவீத நிர்வாகச் செலவு வரலாம். அதனால் விலை கேட்டதும் எல்லோரும் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். மடித்து வைக்கலாம், தூக்கிப் போடாதீர்கள்.

முடிவு செய்ய குறைந்தது 60 நாள் உண்டு. ஒத்துக்கொண்ட பிறகு முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள். கவரேஜ், பழையது முடிந்த நாளிலிருந்தே பின்தேதியிட்டுத் தொடங்கும். உதாரணமாக, பழைய காப்பீடு ஜூன் 30இல் முடிந்தது. புது வேலையில் கெடு தவறிவிட்டது. ஆகஸ்ட் 10இல் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. 60 நாள் முடியவில்லை என்பதால் அன்றைக்கும் கோப்ரா எடுக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதப் பிரீமியமும் கட்ட வேண்டும், ஆனால் அறுவை சிகிச்சை பில் காப்பீட்டுக்குள் வந்துவிடும். உடம்பு நன்றாக இருந்தால் அந்த 60 நாளில் கட்டாமலே இருந்து பார்க்கலாம். கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

வேலை மாறியவருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. புது வேலையில் 3ஆம் தேதி சேர்ந்தீர்கள், பழைய காப்பீடு மாதக் கடைசி வரை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கான கெடு 3ஆம் தேதியிலிருந்து ஓடும். காப்பீட்டை இழந்ததற்கான 30 நாள் மாதக் கடைசியிலிருந்து ஓடும். முதலாவது தவறினாலும் இரண்டாவது இன்னும் உயிரோடு இருக்கலாம். ஹெச்ஆர் தானாக இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களே ‘ஸ்பெஷல் என்ரோல்மென்ட்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

துணை வேலை செய்கிறாரா?

அவருடைய நிறுவனத்தின் ஓப்பன் என்ரோல்மென்ட் எப்போது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஜனவரிக் கணக்கு இல்லை; பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் ஜூலை, செப்டம்பர் என்று தொடங்கும் திட்டங்கள் உண்டு. அப்படி இருந்தால் வருடம் முழுக்கக் காத்திருக்காமல் அவர் திட்டத்தில் நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். பெற்றோரைப் பற்றியும் கேட்பார்கள்: இங்கே பெரும்பாலான நிறுவனத் திட்டங்களில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தனியாக விசிட்டர் இன்ஷூரன்ஸ்தான்.

மார்க்கெட்பிளேஸ்

மத்திய அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில், அல்லது கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியாக நடத்தும் தளங்களில், நேரடியாகக் காப்பீடு வாங்கலாம். இவற்றைத்தான் மார்க்கெட்பிளேஸ் என்கிறார்கள். ஹெச்-1பி, ஹெச்-4, எல் விசாவில் இருப்பவர்களும் வாங்கலாம். ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் ஓப்பன் என்ரோல்மென்ட் நவம்பர் 1இல் தொடங்கும். டிசம்பர் 15க்குள் சேர்ந்தால் ஜனவரி 1 முதல் கவரேஜ். நிறுவனத்தின் கெடுவைத் தவறவிட்டேன் என்பது மட்டும் இங்கே வருட நடுவில் சேரக் காரணம் ஆகாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்தால் வந்த நாளிலிருந்து 60 நாள் உண்டு. காப்பீட்டை இழந்தாலும் 60 நாள்.

எங்களைக் காப்பாற்றியது அந்த 60 நாள்தான். மனைவி வந்து 36 நாள் ஆகியிருந்ததால் கம்பெனியின் 30 நாள் போய்விட்டது, மார்க்கெட்பிளேஸில் இன்னும் 24 நாள் இருந்தது. பாஸ்போர்ட்டும், அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதியைக் காட்டும் ஐ-94 படிவமும் பதிவேற்றி, ஏப்ரல் 1 முதல் அவருக்குத் தனியாக ஒரு திட்டம் வாங்கினோம். முழு விலை. நிறுவனம் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு தர முன்வந்திருந்தால், அதை நாம் எடுக்காமல் விட்டிருந்தாலும் அரசு மானியம் கிடைக்காது. விண்ணப்பத்தில் இதைப் பற்றிய கேள்வி வரும்போது உள்ளதை அப்படியே சொல்லுங்கள். தவறாக வாங்கிய மானியத்தை வரி தாக்கல் செய்யும்போது திருப்பிக் கேட்பார்கள்.

வருமானம் குறைவாக இருப்பவர்கள் மெடிக்கெய்டையும் பாருங்கள். அதற்குக் கெடு கிடையாது, வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். குடியேற்ற நிலையைப் பொறுத்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சில மாநிலங்கள் கூடுதலாக இடம் கொடுத்திருக்கின்றன.

எந்த வழியும் இல்லை, ஜனவரி வரை ஓட்ட வேண்டும் என்றால்

காய்ச்சல், சிறு காயம் என்றால் எமர்ஜென்சி அறைக்குப் போகாமல் அர்ஜென்ட் கேர் (முன்பதிவில்லாமல் போகக்கூடிய கிளினிக்) போங்கள். ஊருக்கு ஊர் கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்கள் இருக்கின்றன. மத்திய அரசின் உதவி பெறும் இந்த மையங்களில் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறைப்பார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் மாதிரி ஆபத்து என்றால் காசை யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 1986ஆம் வருடச் சட்டப்படி, மெடிகேரில் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் எமர்ஜென்சி அறையில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டும். பில் வந்த பிறகு ‘ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்’ விண்ணப்பம் கேளுங்கள். லாபநோக்கற்ற மருத்துவமனைகள் இப்படி ஓர் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முன்கூட்டியே திட்டமிடும் சிகிச்சை என்றால், காப்பீடு இல்லாதவருக்கு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்ற விதி 2022 முதல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியா, நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டிசி ஆகிய இடங்களில் காப்பீடு இல்லாமல் இருந்தால் மாநில வரியில் அபராதம் உண்டு. அங்கே இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை சேரும்போது

தளத்தில் உங்கள் சொந்த மெயில் முகவரியையும் கொடுங்கள். மெடிக்கல், டென்டல், விஷன் ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எஸ்ஏ கணக்கு (மருத்துவச் செலவுக்காக வரிக்கு முன் சம்பளத்தில் ஒதுக்குவது) பெரும்பாலும் தானாகத் தொடராது, ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்ல வேண்டும். லைஃப் இன்ஷூரன்ஸைச் சேர்ந்த புதிதில் எடுத்தால் ஒரு வரம்பு வரை உடல்நலக் கேள்வி இல்லாமல் கிடைக்கும், பிறகு எடுத்தால் கேட்பார்கள். கடைசியில் ‘சப்மிட்’ அழுத்தியதும் வரும் உறுதிப் பக்கத்தைப் படமாகச் சேமியுங்கள்.

முதல் சம்பளம் வந்ததும் பே ஸ்டப்பில் பிடித்தத்தைப் பாருங்கள். அட்டை வந்ததும் அதோடு நிற்காதீர்கள், சில அட்டைகளில் ஊழியரின் பெயர் மட்டும்தான் அச்சிடுவார்கள். பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, எந்தத் தேதியிலிருந்து கவரேஜ் இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. ஏதாவது விட்டுப்போயிருந்தால், கெடு முடிவதற்குள் திருத்திக்கொள்ள அப்போது நாள் இருக்கும்.